எப்வொர்த் குருமனை அன்னை: சூசன்னா வெஸ்லி அம்மையார்

1669ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 20ஆம் நாள், இலண்டன் மாநகரின் பிஷப்ஸ்கேட் பகுதியில், சாமுவேல் அன்னெஸ்லி என்னும் சமயச் சான்றோரின் இல்லத்தில் ஒரு பெண் மகவு பிறந்தது. அவ்வில்லத்தின் 25ஆம் மகவு அது என்று கூறுவர். சூசன்னா எனப் பெயரிடப்பெற்ற அக்குழந்தையே பின்னாளில் ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி ஆகிய இருவரையும் ஈன்று வளர்த்த அன்னையாவார். மெதடிஸ்து இயக்கத்தைத் தோற்றுவித்தவர் ஜான். ஆயிரக்கணக்கான பக்திப் பாடல்களை யாத்தவர் சார்லஸ். தமிழ்நாட்டுத் திருச்சபைகளிலும் சார்லஸின் பாடல்கள் தமிழாக்கம் பெற்றுப் பாடப்படுகின்றன. மக்களின் புகழால் தாயை அறிவது உலக இயல்பு. எனினும், இவ்வம்மையாரின் வாழ்வை மக்களின் பெருமைக்கு முன்னுரையாக மட்டும் படிப்போர் பெரும்பகுதியை இழந்தவராவர்.

அன்னெஸ்லி, இங்கிலாந்து அரசுத் திருச்சபையின் வழிபாட்டு நூலை முழுமையாக ஏற்க மறுத்து 1662இல் தம் குருப்பணியை இழந்தவர். அவ்வாறு அவ்வாண்டு பதவி துறக்க நேர்ந்த குருமார் ஏறத்தாழ இரண்டாயிரவர். மனச்சான்றின்பொருட்டு வாழ்வாதாரத்தை விட்ட அத்தகையோர் கூடி வாதிடும் இல்லத்தில் சூசன்னா வளர்ந்தார். பெண்மக்களுக்குப் பள்ளியும் கல்லூரியும் வாயாத அக்காலத்தில் தந்தையின் நூலகமே அவருக்குக் கல்விச்சாலை ஆயிற்று. அங்கே நிகழ்ந்த வாதங்களைக் கேட்டுக் கேட்டுத் தாமே சீர்தூக்கிப் பார்த்த அச்சிறுமி, 13 அகவை நிரம்புமுன்னரே, தந்தை துறந்த திருச்சபையில் தாம் சேர்வதென்று முடிவு செய்தார். தந்தையார் சினந்திலர், மகளைத் தடுத்திலர். தம் மனச்சான்றுக்கு வேண்டிய உரிமையை மகளின் மனச்சான்றுக்கும் அவர் வழங்கினார் போலும். மகளும் இறுதிவரை தந்தையைப் போற்றியே வாழ்ந்தார்.

1688 நவம்பரில் சாமுவேல் வெஸ்லி என்பாரை மணந்தார். அவரும் திருச்சபையினின்று வெளியேற்றப்பட்ட குருமார் குடும்பத்தில் பிறந்து, தம் ஆய்வால் அரசுத் திருச்சபைக்குத் திரும்பியவர், ஆக்ஸ்போர்டில் பயின்றவர், கவிஞர், பன்மொழி வல்லார், வரவறிந்து செலவிடும் கலை மட்டும் கைவராதவர். லிங்கன்ஷயரில் சவுத் ஆர்ம்ஸ்பி என்னும் சிற்றூரில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின், அதே மாவட்டத்தின் சதுப்பு நிலப்பகுதியில் அமைந்த எப்வொர்த் என்னும் ஊருக்குக் குருவாக வந்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவ்வூர்க் குருமனையே சூசன்னாவின் உலகம் ஆயிற்று.

அவர் பெற்ற பிள்ளைகள் 19 பேர். அவருள் ஒன்பதின்மர் மழலைப் பருவத்திலேயே மறைந்தனர். எஞ்சியோர் ஆண்மக்கள் மூவரும் பெண்மக்கள் எழுவரும் ஆவர். கணவர்க்குக் கடன் தீர்ந்த நாளே இல்லை. 1705இல் நடந்த தேர்தலில் அவர் எடுத்த நிலைப்பாடு ஊராரைப் பகைவராக்கியது. ஆரவாரக் கும்பல் இரவெல்லாம் குருமனையைச் சூழ்ந்து கூச்சலிட்டது. அன்றிரவு உறக்கமிழந்து, பின்னிரவில் அயர்ந்து தூங்கிய செவிலி புரண்டு படுத்ததால், பிறந்து சில வாரமே ஆன குழந்தை மூச்சடைத்து மாண்டது. பணியாளர் அக்குழந்தையின் உடலைத் தாயின் கையில் கொண்டுவந்து கொடுத்தனர். அந்தத் துயர் ஆறுமுன்னரே, முப்பது பவுனுக்குக் குறைவான ஒரு கடனுக்காகக் கணவர் லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். வீட்டுக் கறவைப் பசுக்களையும் இரவில் எவரோ கத்தியால் குத்திச் சென்றனர். கையில் காசில்லாத சூசன்னா தம் கணையாழிகளைக் கழற்றிச் சிறைக்கு அனுப்பினார்; கணவர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். யார்க் நகரப் பிரதமப் பேராயர் ஷார்ப் இவ்வம்மையாரைக் கண்டு, உண்ண உணவின்றி இருந்ததுண்டோ என வினவினார். உணவு முற்றும் இல்லாமற்போனதில்லை. ஆனால் அதைப் பெறுமுன் படும் கவலையும் பெற்றபின் அதற்குரிய விலையைக் கொடுக்கப் படும் பாடும் அவ்வுணவைச் சுவையற்றதாக்கிவிடுகின்றன என்ற கருத்தில் அவர் விடையிறுத்தார். பேராயர் பொருளுதவி செய்தார்.

இத்தகைய வறுமையை ஒருவருக்கொருவர் துணையாய்த் தாங்கிய இவ்விருவரும் ஒருமுறை பிரிந்து வாழ நேர்ந்தது என்பது வியப்பளிக்கும் செய்தி. மூன்றாம் வில்லியம் அரசரை உரிமையுள்ள மன்னராகச் சூசன்னாவின் மனம் ஏற்கவில்லை. நாடு கடந்து சென்ற இரண்டாம் ஜேம்ஸிடமே உரிமை உண்டென்று கருதினார். நெடுநாள் அதனை வெளியிடாமல் உள்ளத்தில் வைத்திருந்தார். குடும்ப வழிபாட்டில் அரசர்க்காகக் கணவர் வேண்டியபொழுது மனைவி ஆமென் சொல்லாமையை ஒருநாள் கணவர் கண்டுகொண்டார். காரணம் கேட்டார், அறிந்தார், சினந்தார். இரண்டு அரசர் உள்ள வீட்டில் படுக்கையும் இரண்டாகவே இருத்தல் வேண்டும் என்று கூறி, மனைவி மன்னிப்புக் கேட்கும் வரை உடன் வாழ்வதில்லை எனச் சூளுரைத்தார்.

கணவர்க்குக் கீழ்ப்படிதல் மனைவியின் கடமை என்பதில் சூசன்னாவுக்கு ஐயமே இருந்ததில்லை. அதுவே அவருடைய இக்கட்டு. மன்னிப்புக் கேட்டால் குடும்பம் ஒன்றுபடும். ஆனால் குற்றம் என்று தாம் கருதாத ஒன்றுக்குக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்பது பொய்யாகும். உயர்குடிப் பெண்மணி ஒருவர்க்கும், அவர் வழியே ஹிக்ஸ் என்னும் சமய அறிஞர்க்கும் கடிதம் எழுதி அறிவுரை வேண்டினார். இக்கடிதங்கள் 20ஆம் நூற்றாண்டின் இடையில்தான் அச்சேறின. அறிஞரும் மனச்சான்றை விட்டுக்கொடுக்க வேண்டா என்றே கூறினார். 1702 மார்ச்சில் அரசர் இறந்தார். ஆயினும் பிணக்குத் தீரவில்லை. அவ்வாண்டுக் கோடையில் குருமனையில் தீப்பற்றி வீட்டின் பெரும்பகுதி எரிந்த பின்னரே கணவர் மனம் மாறி இல்லறத்துக்குத் திரும்பினார். சூசன்னா மன்னிப்புக் கேட்கவில்லை. மறு ஆண்டு சூன் திங்களில் ஜான் பிறந்தார்.

அக்குருமனையை நெருப்பு இன்னொரு முறையும் நாடிவந்தது. 1709 பிப்ரவரி 9ஆம் நாள் நள்ளிரவு கூரை பற்றி எரிந்தது. அப்போது அம்மையார் நிறைசூலி, நோயுற்றும் இருந்தார். மாடிப்படியும் கதவும் தீக்கிரையாக, அனற்பிழம்பினூடே முகமும் கையும் கருக நடந்து வெளியேறினார். குழந்தைகளை எண்ணிப் பார்த்தபோது ஐந்து அகவை நிரம்பிய ஜான் மட்டும் காணப்படவில்லை. மேல்மாடிச் சாளரத்தில் நின்ற சிறுவனை, ஒருவர் தோள்மீது ஒருவர் ஏறி ஊரார் எடுத்தனர்; அடுத்த நொடி கூரை சரிந்தது. பிள்ளைகள் அனைவரும் பிழைத்தனர். ஆனால் அம்மையார் அதுகாறும் எழுதி வைத்த தாள்கள் எல்லாம் சாம்பலாயின. மறு திங்களில் கடைசி மகள் கெசியா பிறந்தாள்.

கல்வியைப் பொறுத்தவரை இக்குருமனை ஒரு பள்ளியாகவே விளங்கியது. ஆசிரியை தாய் ஒருவரே. ஐந்தாம் பிறந்தநாளின் மறுநாள் குழந்தைக்குக் கல்வி தொடங்கும். அன்று வீட்டில் எவரும் அவ்வறைக்குள் நுழையலாகாது. காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை என ஆறுமணி நேரத்தில் எழுத்துகள் அனைத்தையும் அக்குழந்தை கற்றுவிடல் வேண்டும். பெரும்பாலோர் ஒரே நாளில் கற்றனர். மேரி, ஆன் இருவர்க்கு மட்டும் ஒன்றரை நாள் ஆயிற்று. அவ்விருவரையும் மந்தமானவர் என்று தாய் அப்போது கருதினாராம். எத்தனை பிள்ளைகள் எழுத்தறியாமல் அதைவிட நெடுநாள் தடுமாறுகின்றனர் என்பதைப் பிற்பாடு கண்டபோது அக்கருத்தை மாற்றிக்கொண்டார். எழுத்து முடிந்ததும் நேரே ஆதியாகமத்தின் முதல் அதிகாரம்தான் பாடநூல்.

1732இல் ஜான் வேண்டியதற்கிணங்க இம்முறைகளை எல்லாம் அம்மையார் ஒரு நீண்ட கடிதமாக எழுதினார். குழந்தையின் பிடிவாதத்தை ஓரகவையிலேயே அடக்க வேண்டும் என்பதும், பிரம்புக்கு அஞ்சி ஓசையின்றி அழப் பழக்க வேண்டும் என்பதும் அதிற் காணப்படுகின்றன. இன்று குழந்தை உளவியல் அறிந்தோர் இவற்றை ஏலார்; ஏற்கவும் வேண்டா. ஆனால் அதே கடிதத்தில், செய்த குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்ளும் பிள்ளையை அடிக்கலாகாது. ஒரு குற்றத்துக்கு இருமுறை தண்டித்தலும் கூடாது. எவ்வளவு சிறிதாயினும் பிள்ளையின் உடைமையை அதன் இசைவின்றிப் பிறர் எடுத்தல் கூடாது என்னும் விதிகளும் உள்ளன. பெண்பிள்ளை நன்கு படிக்கத் தெரிந்துகொள்ளும் வரை அவளைத் தையல் முதலிய வேலைகளில் அமர்த்தக் கூடாது என்பது மற்றொரு விதி. பெண்கள் பலர் வாசிக்கத் தடுமாறுவதற்கு, வாசிக்கப் பழகுமுன்னரே ஊசியைக் கையில் கொடுத்துவிடுவதே காரணம் என்று அவர் சுட்டினார். 300 ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்க் குருமனையில் இவ்விதி நடைமுறையில் இருந்தது என்பது பெண்கல்வி வரலாற்றில் குறிக்கத்தக்கது.

பிள்ளைகள் பலராயினும் ஒவ்வொருவரோடும் தனித்திருந்து பேசக் கிழமையில் ஒரு நாளை ஒதுக்கினார். திங்கள் மேரிக்கு, செவ்வாய் மெகெதபேலுக்கு, புதன் ஆனுக்கு, வியாழன் ஜானுக்கு, வெள்ளி மார்த்தாவுக்கு, சனி சார்லஸுக்கு, ஞாயிறு எமிலியா, சூசன்னா என்னும் மூத்த மகளிர்க்கு என அம்முறை அமைந்தது. பின்னாளில் ஆக்ஸ்போர்டில் ஆசிரியப் பணியேற்ற ஜான், தம் நெஞ்சம் நெறிப்படத் தமக்கு உரிய வியாழன் மாலைப் பொழுதைக் கடித வழியேனும் தாய் தர வேண்டும் என வேண்டிக்கொண்டார்.

தமக்கெனவும் அம்மையார் பொழுதை வகுத்திருந்தார். காலை, நண்பகல், மாலை என மூவேளை தனித்திருந்து தியானித்தார். அக்குறிப்பேடுகள் கிடைத்துள்ளன. பொழுதுபோக்குக்குச் செலவிடும் நேரம் இறைவழிபாட்டுக்குச் செலவிடும் நேரத்தை விஞ்சுதல் கூடாது என்று இளமையிலேயே வகுத்த விதியை அவர் காத்தார். இல்லத்தின் இரைச்சலுக்கிடையே முன்றானையைத் தலைமேற் கவிழ்த்துக்கொண்டு வேண்டினார் என்னும் கதை ஞாயிறு பள்ளிகளில் விரும்பிச் சொல்லப்படுவது. அழகிய கதைதான். ஆனால் குறிப்பேடுகள் காட்டும் சூசன்னா முன்றானைக்குள் ஒடுங்கியவர் அல்லர், எழுதுகோல் ஏந்தியவர். மகள்களின்பொருட்டு விசுவாசப் பிரமாணத்துக்கும் பத்துக் கட்டளைகளுக்கும் விளக்கவுரை எழுதினார். தாயும் மகளும் உரையாடும் வடிவில் ஒரு சமயநூலும் எழுதினார். பெண் ஒருத்திக்குச் சமயம் பற்றிச் சிந்திக்கவும் காரணம் காட்டவும் உரிமை உண்டா என்ற வினாவை அவர் எழுப்பவே இல்லை. சிந்தித்தார், காரணம் காட்டினார்.

தமிழர்க்கு நெருக்கமான நிகழ்ச்சி இனி வருவது. 1711ஆம் ஆண்டின் இறுதியில் கணவர் திருச்சபைப் பேரவைக்காக இலண்டன் சென்றிருந்தார். ஊரில் இருந்த துணைக் குரு இன்மன் என்பாரின் பணியில் மக்கள் நிறைவு கொள்ளவில்லை. ஞாயிறு மாலையில் பிள்ளைகளையும் பணியாளரையும் சமையலறையில் அமர்த்திச் சூசன்னா மன்றாட்டுகளையும் சங்கீதங்களையும் வாசித்து வந்தார். பணிச்சிறுவன் ஒருவன் தன் பெற்றோரிடம் சொல்ல, அவர்கள் வந்தனர். அவர்களைக் கண்டு அயலார் வந்தனர். முப்பது, நாற்பது பேர் எனப் பெருகியது அக்கூட்டம். அந்நாளில் மூத்த மகள் எமிலியா தந்தையின் அறையிலிருந்து ஒரு நூலைத் தாயிடம் எடுத்துத் தந்தாள். டென்மார்க் மன்னரால் தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்ட சீகன்பால்க், புளுட்சோ என்னும் இருவரின் கடிதங்கள் அடங்கிய ஆங்கில நூல் அது. 1706இல் தரங்கம்பாடிக் கரையில் இறங்கி, மணலில் எழுதும் சிறுவரோடு அமர்ந்து தமிழ் கற்று, 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சில் நிறைவுறக் காரணமானவர் சீகன்பால்க் என்பது தமிழ் அச்சு வரலாற்றில் யாவரும் அறிந்ததே.

அந்நூல் சூசன்னாவின் உள்ளத்தைப் பல நாள் ஆட்கொண்டது. வேறெதையும் எண்ண இயலவில்லை என அவரே கணவர்க்கு எழுதினார். தாம் ஆணும் அல்லர், குருவும் அல்லர், அவர்களைப் போலக் கடல் கடந்து செல்ல இயலாது. எனினும் தம்மால் இயன்றது இன்னும் மிகுதியாக உண்டு என்ற எண்ணம் அவரைப் பற்றியது. பிள்ளைகளுக்கு நாள்முறை வகுத்தது இவ்வேளையில்தான். சமையலறைக் கூட்டத்திலும் சிறந்த அருளுரைகளைத் தேர்ந்து முன்னினும் ஊக்கத்தோடு வாசிக்கலானார். இருநூறு பேர் வரை திரண்டனர். இடமின்றிப் பலர் திரும்பிச் சென்றனர். அச்சமையலறையில் எட்டு அகவை ஜானும் நான்கு அகவை சார்லஸும் அமர்ந்திருந்தனர். காவிரி கடலோடு கலக்கும் சோழநாட்டுக் கரையிலிருந்து சென்ற கடிதங்கள் லிங்கன்ஷயர்ச் சதுப்பு நிலத்தில் இவ்வாறு வேர்கொண்டன. தரங்கம்பாடி அதனை அறிந்திராது.

துணைக் குரு முறையிட்டார். பெண் ஒருத்தி கூட்டம் நடத்துவது தகாது எனக் கணவர் எழுதினார். வேறு யாரையேனும் வாசிக்கச் செய்யலாகாதா என்றார். 1712 பிப்ரவரியில் சூசன்னா எழுதிய இரு விடைகளும் கிடைத்துள்ளன. கணவர் இல்லாதபோது அவ்வுயிர்களைக் காக்கும் பொறுப்புத் தம்மிடம் விடப்பட்ட முதல் என்றும், அதற்குக் கணக்குக் கொடுக்கத் தாம் கடமைப்பட்டவர் என்றும் அவர் வாதிட்டார். அங்கு வருவோருள் ஓர் அருளுரையைப் பெரும்பகுதி எழுத்துக்கூட்டாமல் படிக்க வல்லார் ஒருவரும் இலர் என்பதையும் சற்றே குறும்போடு தெரிவித்தார். கூட்டத்தை நிறுத்தியே ஆகவேண்டும் எனில், அது தம் விருப்பம் என்று கணவர் எழுதினால் போதாது. வெளிப்படையான கட்டளையாகவே இடல் வேண்டும். அப்போதுதான் இறுதித் தீர்ப்பு நாளில் இப்பழி தம்மைச் சாராது என்று முடித்தார். கீழ்ப்படிதலும் மனச்சான்றும் ஒன்றையொன்று அழிக்காமல் நிற்கும் நுட்பமான இடம் இது. கீழ்ப்படியேன் என அவர் சொல்லவில்லை. கட்டளையிடுபவர் அதன் விளைவையும் சுமக்க வேண்டும் என்றே சொன்னார். கட்டளை வரவில்லை. கணவர் திரும்பும் வரை கூட்டம் நடந்தது.

ஆண்மக்கள் மூவரும் ஆக்ஸ்போர்டு சென்று உயர்ந்தனர். பெண்மக்கள் எழுவரின் வாழ்வு அவ்வாறு அமையவில்லை. அவர்களுக்குத் தாய் கொடுத்த கல்வி அவர்களைச் சூழ இருந்த உலகத்துக்குப் பெரிதாயிற்று. மெகெதபேல் எட்டு அகவையிலேயே கிரேக்கம் படித்தவர் என்பர், கவித்திறம் மிக்கவர். 1725இல் காதலனால் கைவிடப்பட்டுச் சூலுற்ற நிலையில், கல்வியால் ஒவ்வாத ஒருவர்க்கு அவசரமாக மணம் செய்விக்கப்பட்டார். தந்தை அவரை மன்னிக்க மறுத்தார். தாய் சென்று கண்டபோதும் பழைய நெருக்கம் திரும்பவில்லை. அம்மகளுக்காக மேடையேறி, தவறியோர்க்குக் காட்டவேண்டிய அன்பைப் பற்றித் தந்தை கேட்கப் பேசியவர் ஜான். அம்மையாரைப் போற்றும் நூல்கள் பல இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றன. அரசரின்பொருட்டும் ஊராரின்பொருட்டும் கணவரை எதிர்த்து நின்ற மனச்சான்று, மகளின்பொருட்டு அவ்வளவு உறுதியாய் நிற்கவில்லை என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

1735 ஏப்ரலில் கணவர் மறைந்தார். அடக்க நாளன்றே, நிலவாடகைப் பாக்கி 15 பவுனுக்காகக் கால்நடைகள் கைப்பற்றப்பட்டன. நாற்பதாண்டு வாழ்ந்த குருமனை அடுத்த குருவுக்கு உரியதாயிற்று. அதன்பின் அம்மையார் கெயின்ஸ்பரோவில் பள்ளி நடத்திய எமிலியாவோடும், டிவர்ட்டனில் மூத்த மகன் சாமுவேலோடும், பிறகு மார்த்தாவோடும் என மக்கள் வீடுகளில் வாழ்ந்தார். அவ்வாண்டே ஜானும் சார்லஸும் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குப் புறப்பட்டனர்; கைம்பெண் தாய் தடை சொல்லவில்லை.

இறுதி ஆண்டுகள் இலண்டனில் கழிந்தன. பழைய பீரங்கி வார்ப்படச்சாலை ஒன்றை 1739இல் ஜான் வழிபாட்டிடமாக மாற்றினார். அதன் குடியிருப்பில் தாய்க்கும் ஓரிடம் அமைந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் திருவிருந்தின்போது, தம் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்னும் உறுதி நெஞ்சில் எழக் கண்டதாக மகனிடம் கூறினார். குருநிலை பெறாத தாமஸ் மாக்ஸ்பீல்டு அருளுரை ஆற்றத் தொடங்கியதை அறிந்து தடுக்க விரைந்து வந்த ஜானை நிறுத்தியவரும் அன்னையே. அவ்விளைஞரின் சொற்பொழிவைத் தாமே கேட்டு, அதன் பயனை ஆராய்ந்து, அதன்பின் முடிவு செய்க என்றார். ஜான் கேட்டார், இசைந்தார். பொதுநிலை அருளுரைஞர் இல்லாமல் மெதடிஸ்து இயக்கம் அட்லாண்டிக் கடந்து பரவியிருத்தல் அரிது. எப்வொர்த் சமையலறையை நினைந்தார்க்கு அவ்வறிவுரை வியப்பளிக்காது. 1741இல், முன்குறித்தல் கோட்பாடு பற்றி ஒயிட்பீல்டு எழுதியதை மறுத்து, மகனுக்குத் துணையாகப் பெயரின்றி வெளிவந்த சிறுநூல் ஒன்றும் இவருடையதே என ஆய்வாளர் காட்டியுள்ளனர். அப்போது அவர்க்கு அகவை 72.

1742 சூலையில் நோய் முற்றியது. ஜானும் மகளிர் ஐவரும் படுக்கையைச் சூழ்ந்திருந்தனர். தம் உயிர் பிரிந்தவுடன் கடவுளைப் புகழ்ந்து ஒரு சங்கீதம் பாட வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். அவ்வாறே சூழ நின்று பாடினர். இலண்டன் பன்ஹில் பீல்ட்ஸ் இடுகாட்டில், பெருந்திரளான மக்கள் நடுவே ஜான் தாயை அடக்கம் செய்தார்.

கல்லறைக்குச் சார்லஸ் ஒரு பாடல் எழுதினார். திருவிருந்தில் பெற்ற அந்த உறுதிக்கு முற்பட்ட எழுபது ஆண்டுகளையும் அருளறியா இருளாக அப்பாடல் கொண்டது. மகனது சமயக் கொள்கை அவ்வாறு பாடச் செய்தது. ஆனால் மூவேளைக் குறிப்பேடுகளும், சமையலறைக் கூட்டமும், அவரைத் திங்கள் முதல் ஞாயிறு வரை பிள்ளைகளோடு அமரச் செய்த அந்தத் தரங்கம்பாடி நூலும் அவ்வெழுபது ஆண்டுகளுக்குள் அடங்கியவை என்பதைக் கவிஞர் எண்ணிலர். பின்னாளில் அக்கல் அகற்றப்பட்டு வேறொரு கல் நாட்டப்பட்டது. அன்னெஸ்லியின் கடைசி மகள் என்பதும், 19 மக்களின் தாய் என்பதும், அவருள் ஜான், சார்லஸ் இருவரின் பெயரும் அதில் பொறிக்கப்பட்டன. மகளிர் பெயர் ஒன்றும் அதில் இல்லை.